டன்லப் வானாய்வகமும் அதைச் சுற்றியுள்ள பச்சையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரிச்மண்ட் ஹில் பக்கம் குடியிருப்பதால், ஊரிலிருந்து யார் வந்தாலும் டேவிட் டன்லப் வானாய்வகத்துப் பக்கம் ஒரு நடை கூட்டிக்கொண்டு போவது என் வழக்கம். போகிற வழியிலேயே கேள்விகள் ஆரம்பித்துவிடும். ஏறக்குறைய எல்லோரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், நானும் அதே பதில்களைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சரி, ஒரு தடவை எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை வாய் வலிக்காது என்று உட்கார்ந்தேன். நான் வானியல் படித்தவன் இல்லை. சின்னத் தொலைநோக்கி ஒன்றை வைத்துக்கொண்டு குளிரில் நடுங்குகிற ஆள், அவ்வளவுதான். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அது எங்க இருக்கு? அப்படி என்னதான் இருக்கு அங்க?

டொரண்டோவுக்கு வடக்கே ரிச்மண்ட் ஹில் நகரத்தில், யங் ஸ்ட்ரீட்டுக்கும் பேவியூ அவென்யூவுக்கும் நடுவில் இருக்கிறது. மரங்களுக்கு நடுவே பெரிய குவிமாடம் ஒன்று, அதற்குள் 74 அங்குல (1.88 மீட்டர்) ஆடி கொண்ட தொலைநோக்கி. 1935-ல் திறந்தபோது உலகத்தில் அதைவிடப் பெரியதாக இருந்தது கலிபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலைமேல் இருந்த 100 அங்குலத் தொலைநோக்கி ஒன்றுதான். இன்றைக்கும் கனடா மண்ணில் இருக்கிற ஒளியியல் தொலைநோக்கிகளில் இதுவே பெரியது.

பக்கத்தில் கல்லால் கட்டிய நிர்வாகக் கட்டடம், அதன் கூரைமேல் மூன்று குட்டிக் குவிமாடங்கள். அப்புறம் இவை எல்லாவற்றையும்விட வயதான ஒரு பண்ணை வீடு. மிச்சமெல்லாம் புல்வெளி, மரம், நடைபாதை. 2008-ல் டொரண்டோ பல்கலைக்கழகம் இந்த இடத்தை விற்றபோது ஊரில் சண்டை நடந்தது அந்த மிச்சத்துக்காகத்தான்.

டன்லப்ங்கறவர் விஞ்ஞானியா?

இல்லை. வழக்கறிஞர், வடக்கு ஒன்டாரியோவில் சுரங்கத் தொழிலில் பணம் சேர்த்தவர், வானத்தின் மேல் ஆசை உள்ளவர். டொரண்டோ பல்கலைக்கழகத்தில் வானியல் பேராசிரியராக இருந்த கிளாரன்ஸ் சான்ட் என்பவர் 1921-ல் பேசிய பேச்சு ஒன்றைக் கேட்கப் போயிருக்கிறார் டன்லப். பெரிய தொலைநோக்கி ஒன்று வேண்டும் என்று வருஷக்கணக்காகக் காசுக்கு அலைந்துகொண்டிருந்தவர் சான்ட். ஆனால் 1924-ல் டன்லப் இறந்துவிட்டார். சான்ட் விடவில்லை, டன்லப்பின் மனைவி ஜெஸ்ஸி டொனால்டாவிடம் கணவர் நினைவாக ஒரு வானாய்வகம் கட்டலாமே என்று கேட்டார். அந்த அம்மாள் சம்மதித்ததால்தான் நிலமும் கட்டடமும் தொலைநோக்கியும் வந்தன.

திறப்பு விழா 1935 மே 31. அது சான்டின் எழுபதாவது பிறந்தநாள்! ஓய்வு பெற்ற பிறகும் மனிதர் அந்த வளாகத்தை விட்டுப் போகவில்லை. மேலே சொன்ன பண்ணை வீட்டிலேயே குடியிருந்து 1956-ல் காலமானார்.

ஊருக்கு நடுவுல இருந்துக்கிட்டு நட்சத்திரம் எப்படித் தெரியும்?

தெரியும், ஆனால் எது தெரியும் என்பதில் தெளிவாக இருக்க வேண்டும். நிலா, வியாழன், சனியின் வளையம், இரட்டை நட்சத்திரங்கள், பிரகாசமான கொத்துகள் எல்லாம் அருமையாகத் தெரியும், ஏனென்றால் இவற்றுக்கு நகர வெளிச்சம் பெரிய தடை இல்லை. பால்வீதி தெரியாது. தொலைதூர விண்மீன் மண்டலங்கள் மங்கலான திட்டாகத் தெரிந்தாலே அதிர்ஷ்டம். 1935-ல் இந்த இடத்தைச் சுற்றி வயல்தான், டொரண்டோ தெற்கே எங்கோ தூரத்தில் இருந்தது. நகரம் நடந்து நடந்து வந்து வானாய்வகத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டது.

நிஜமான இருட்டு வேண்டுமென்றால் இரண்டு மணி நேரம் போல வண்டி ஓட்டி மஸ்கோகா பக்கம் டோரன்ஸ் பேரன்ஸுக்குப் போங்கள். 1999-ல் கனடாவிலேயே முதலில் இருள் வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்ட இடம் அது. எங்கே போனாலும் கண் இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் ஆகும், நடுவில் ஒரு தடவை போனைத் திறந்தால் திரும்ப முதலிலிருந்து. இதைச் சொல்லாமல் நான் யாரையும் கூட்டிப் போவதில்லை, சொல்லியும் யாரும் கேட்பதில்லை.

பெரிய டெலஸ்கோப்ல பாத்தா போட்டோல வர்ற மாதிரி கலர் கலரா தெரியுமா?

தெரியாது. எதிர்பார்ப்போடு வந்து முகம் தொங்கிப் போகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன், அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். படங்களில் வரும் சிவப்பும் நீலமும் கேமரா நிமிஷக்கணக்கில், சில சமயம் மணிக்கணக்கில் வெளிச்சத்தைச் சேர்த்து வைத்ததால் வருவது. நம் கண் அப்படிச் சேர்த்து வைக்காது, மங்கிய வெளிச்சத்தில் நிறமும் அதற்குப் பிடிபடாது. நெபுலாக்கள், அதாவது விண்வெளியில் இருக்கும் வாயு மேகங்கள், சாம்பல் புகை மாதிரிதான் இருக்கும்.

நட்சத்திரங்களின் நிறம் மட்டும் விதிவிலக்கு. அன்னம் என்ற நட்சத்திரக் கூட்டத்தில் அல்பிரியோ என்று ஓர் இரட்டை நட்சத்திரம் உண்டு, ஒன்று பொன்னிறம், இன்னொன்று நீலம். கோடையில் போனால் அதைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

அண்ணா, சின்னப் பசங்களோட எப்ப போறது நல்லது?

ஜூன், ஜூலை வேண்டாம். பள்ளி விடுமுறை என்று எல்லோரும் அப்போதுதான் திட்டம் போடுவார்கள், ஆனால் சூரியன் மறையவே ஒன்பது மணி ஆகும், வானம் முழுசாக இருட்ட பதினொன்று தாண்டிவிடும், பிள்ளைகள் தோளில் தூங்கிவிடும். செப்டம்பர் கடைசி, அக்டோபர் நல்ல காலம். சீக்கிரம் இருட்டும், குளிரும் தாங்கும்படி இருக்கும்.

வளர்பிறை அரைநிலா சமயம் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஒளியும் நிழலும் சந்திக்கிற கோட்டில் பள்ளங்களும் மலைகளும் தனித்தனியாகத் தெரியும், பௌர்ணமியில் அதெல்லாம் தட்டையாகிவிடும். வானாய்வகம் இப்போது நகராட்சியின் கையில் இருக்கிறது, நிகழ்ச்சி நாட்களை அவர்கள் இணையதளத்தில் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். பூங்காவில் சும்மா நடப்பதற்கு அதெல்லாம் வேண்டாம்.

கருந்துளையை இங்கதான் கண்டுபிடிச்சாங்கன்னு சொல்றாங்களே, நிஜமா, இல்ல ஊர்ப் பெருமையா?

கால் ஊர்ப் பெருமை, முக்கால் நிஜம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிக்னஸ் எக்ஸ்-1 என்று எக்ஸ் கதிர் கிளம்பி வரும் ஓர் இடம், அதே அன்னக் கூட்டத்தில்தான். அந்த இடத்தில் இருந்த ஒரு நீல நட்சத்திரத்தை 1971-ல் டாம் போல்டன் என்ற இளம் ஆய்வாளர் இந்த 74 அங்குலத் தொலைநோக்கியால் இரவுக்கு இரவு கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றைச் சுற்றி 5.6 நாளுக்கு ஒரு தரம் அது ஆடிக்கொண்டிருந்தது. ஆட்டத்தின் வேகத்தை வைத்துக் கணக்குப் போட்டால், தெரியாத அந்தத் துணை நியூட்ரான் நட்சத்திரமாக (வெடித்த நட்சத்திரத்தின் இறுகிய மிச்சம்) இருக்க முடியாத அளவுக்குக் கனம். மிஞ்சிய விடை கருந்துளை.

அதே சமயம் இங்கிலாந்தில் லூயிஸ் வெப்ஸ்டர், பால் மர்டின் இருவரும் தனியாக இதே முடிவுக்கு வந்திருந்தார்கள், ஆகவே இங்கே மட்டும்தான் என்று சொல்வது தப்பு. ஆனால் கருந்துளை என்று உலகம் ஏற்றுக்கொண்ட முதல் பொருளுக்கான அளவீடுகளில் ஒரு பங்கு ரிச்மண்ட் ஹில்லில் எடுக்கப்பட்டது என்பதில் சந்தேகமே இல்லை. அது கருந்துளை இல்லை என்று இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங் 1974-ல் கிப் தோர்ன் என்ற இன்னொரு இயற்பியலாளரோடு பந்தயம் கட்டி, 1990-ல் தோற்றதாக ஒப்புக்கொண்டார்.

போல்டன் பேர் அடிபடும் வேகத்தில் ஹெலன் சாயர் ஹாக் என்பவரை விட்டுவிடக்கூடாது. கோள வடிவ நட்சத்திரக் கொத்துகளில் வெளிச்சம் கூடிக் குறையும் நட்சத்திரங்களை இங்கே பல ஆண்டுகள் படமெடுத்து ஆராய்ந்தவர், டொரண்டோ நாளிதழ் ஒன்றில் 1951 முதல் முப்பது வருஷம் வானியல் பத்தி எழுதியவர். பெண்களுக்கு இந்தத் துறையில் இடமே இல்லாத காலத்தில்.

வெளிச்சம் அவ்ளோ அதிகமாச்சுன்னா 2008 வரைக்கும் ஆராய்ச்சி எப்படி நடந்துச்சு?

இது நல்ல கேள்வி. நகர வெளிச்சம் படமெடுப்பவர்களைத்தான் முதலில் விரட்டும், நிறமாலை எடுப்பவர்களை மெதுவாக. நிறமாலைக் கருவியில் ஒரு மெல்லிய பிளவு வழியாக நட்சத்திரத்தின் ஒளி மட்டும் உள்ளே போய் வானவில்லாகப் பிரியும். கூடவே கொஞ்சம் வான வெளிச்சம் நுழைந்தாலும் பிரகாசமான நட்சத்திரம் என்றால் அதைக் கழித்துவிடலாம். போல்டன் செய்ததும் நிறமாலை வேலைதான். நெருங்கிச் சுற்றும் இரட்டை நட்சத்திரங்களின் வேகத்தை அளக்கும் வேலை கடைசி வருஷங்கள் வரை ஓடியது.

அதனால் "வெளிச்சம் வந்துவிட்டது, அது செத்த தொலைநோக்கி" என்று அப்போது சொன்னது முழு உண்மை இல்லை. முன்னணி ஆராய்ச்சி வேறு இடத்துக்குப் போய்விட்டது என்பது வேண்டுமானால் உண்மை. டொரண்டோ பல்கலைக்கழகமே 1971-ல் சிலி நாட்டில் லாஸ் கம்பானஸ் மலைமேல் சின்னத் தொலைநோக்கி ஒன்றை வைத்துவிட்டது. அந்த வானத்தோடு இந்த வானம் போட்டி போட முடியாது.

தானமா வந்த நிலத்தை யூனிவர்சிட்டி ஏன் வித்துச்சு?

மேலே சொன்ன காரணம் ஒன்று. இன்னொன்று நிலத்தின் விலை. 1935-ல் பண்ணை நிலமாக இருந்த ஏறக்குறைய 190 ஏக்கர், 2008-ல் சுற்றிலும் வீடுகள் சூழ்ந்த தங்கத் துண்டாகியிருந்தது. கட்டுமான நிறுவனம் ஒன்று 7 கோடி கனடா டாலருக்கு வாங்கியது. அந்தப் பணத்தில் பல்கலைக்கழகம் டன்லப் பேரிலேயே ஒரு வானியல் ஆய்வு நிறுவனத்தை ஆரம்பித்தது, அது இன்றைக்கும் நன்றாக நடக்கிறது. இதைச் சொல்லாமல் பல்கலைக்கழகத்தை வில்லனாக்கிப் பேசுவது நியாயம் இல்லை.

ஆனாலும் எனக்கு அந்த விற்பனை உறுத்தத்தான் செய்கிறது. டன்லப் அம்மாள் கொடுத்தது பேருக்கு மட்டும் இல்லை, இடத்துக்கும்.

டெலஸ்கோப்பைக் காப்பாத்தினா போதாதா? சுத்தி இருக்கற புல்லும் மரமும் எதுக்கு?

எல்லாரும் கேட்பது இதுதான், நான் அதிகம் பேசுவதும் இதற்குத்தான். தொலைநோக்கி குவிமாடத்தோடு முடிந்துவிடுவதில்லை. அதற்குள் வரும் காற்றும் இருட்டும் சேர்ந்ததுதான் கருவி. 74 அங்குலத்துக்கு எதற்கு 190 ஏக்கர் வாங்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள், வருங்காலத்தில் ஊர் நெருங்கும் என்று தெரிந்தேதான் சுற்றி இடம் விட்டார்கள்.

முதலில் வெளிச்சம். பக்கத்துத் தெருவிளக்கு, கார் விளக்கு, வாசல் விளக்கு நேராகக் கண்ணில் அடித்தால் இருட்டுக்குப் பழகின கண் ஒரு நொடியில் போய்விடும். மரங்கள் அதைத் தடுக்கும். டொரண்டோ நகரத்தின் ஒட்டுமொத்த வெளிச்சம் வானத்தில் பட்டுச் சிதறி மேலேயிருந்து வருவதை எந்த மரமும் தடுக்காது, அதையும் ஒப்புக்கொள்கிறேன். இங்கே குளிர்காலத்தில் ஒரு வேடிக்கை உண்டு. இரவு நீளமாக இருக்கும் மாதங்களில்தான் மேப்பிள் இலையெல்லாம் கொட்டிவிடும், தரையில் பனி விழுந்து விளக்கொளியைக் கண்ணாடி மாதிரி மேலே திருப்பி அனுப்பும். அப்போது துணைக்கு நிற்பவை பைன் மாதிரி பசுமை மாறா மரங்கள் மட்டும்தான். ஒரு பைன் மரத்தை வெட்டிவிட்டு இரண்டு மேப்பிள் கன்று நடுகிறேன் என்று யாராவது சொன்னால் கணக்கு சரி, ஆனால் ஜனவரிக்கு அது உதவாது.

அடுத்தது சூடு. தார் சாலையும் கூரையும் பகலில் குடித்த வெயிலை ராத்திரி முழுக்க மெதுவாக மேலே விடும். அந்தச் சூடான காற்று கொதிக்கிற பாத்திரத்துக்கு மேல் தெரியும் காட்சி மாதிரி நெளியும், சனியின் வளையம் தண்ணீருக்குள் கிடப்பது போல ஆடும். புல்லும் மண்ணும் சீக்கிரம் ஆறிவிடும். குவிமாடத்தைச் சுற்றி இருபது அடி விட்டுவிட்டு மிச்சத்தை வாகன நிறுத்தமாக்கினால் தொலைநோக்கி பத்திரமாக இருக்கும், பார்ப்பதற்குத்தான் ஒன்றும் இருக்காது.

மரமே வானத்தை மறைக்குமே?

அடிவானத்தை மறைக்கும், அங்கே பார்க்க ஒன்றும் இல்லை. கீழே இறங்க இறங்க ஒளி அதிகக் காற்றைக் கடந்து வரவேண்டும், படம் கெட்டுவிடும், நகர வெளிச்சமும் அங்கேதான் மொத்தமாகத் தேங்கி நிற்கும். தலைக்கு மேலே இருப்பதுதான் நல்ல வானம். அடிவானத்தை ஒட்டிப் புதன் தெரியும் நாட்களில் மட்டும் நான் மரத்தைத் திட்டியிருக்கிறேன்.

கடைசில என்னதான் ஆச்சு? ஊர்க்காரங்க ஜெயிச்சாங்களா, தோத்தாங்களா?

இரண்டும். விற்பனைச் செய்தி வந்த நாளிலிருந்தே ஊர்க்காரர்கள் குழுக்களாகச் சேர்ந்து கூட்டம் போட்டார்கள், விசாரணைகளில் சாட்சி சொன்னார்கள். ஒன்டாரியோ பாரம்பரியச் சட்டத்தின் கீழ் பாதுகாப்புக் கிடைத்தது. அதனால் கட்டடங்களோடு சேர்த்து அதைச் சுற்றியிருந்த நிலக்காட்சியும் பாரம்பரியமாகக் கணக்கில் வந்தது. அது பெரிய விஷயம், ஏனென்றால் முந்தின கேள்வியில் பேசிய புல்லும் மரமும் அப்போதுதான் சட்டத்தின் கண்ணில் பட்டன.

பிறகு மாகாணத் தீர்ப்பாயத்தின் முன் சமரசப் பேச்சு, 2012-ல் உடன்பாடு. கிழக்கே பேவியூ பக்கமிருந்த பகுதியில் நிறுவனம் ஐந்நூறு சொச்சம் வீடு கட்டிக்கொண்டது. வானாய்வகமும் 100 ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான நிலமும் ஊருக்கு வந்தன. போராடினவர்களுக்குள்ளேயே இதில் ஒற்றுமை இல்லை. கிடைத்ததை வாங்கிக்கொள்வோம் என்றார்கள் சிலர், ஒரு ஏக்கர்கூட விடக்கூடாது என்றார்கள் சிலர், அந்தக் கசப்பு இன்னும் பேச்சில் எட்டிப் பார்க்கும். என்னைக் கேட்டால், எதிர்ப்பே இல்லாமல் இருந்திருந்தால் குவிமாடம் ஒரு குடியிருப்பின் நுழைவாயில் அலங்காரமாக மிஞ்சியிருக்கும்.

வாடகை கொடுத்து மாள முடியல. நீங்க நட்சத்திரம் பாக்க நூறு ஏக்கரைச் சும்மா வைக்கணுமா?

இந்தக் கேள்வியைக் கோபமாகக் கேட்ட நண்பர் ஒருவர் உண்டு. கோபம் நியாயம். வீட்டுப் பஞ்சம் நிஜம், நானும் பல வருஷம் நிலத்தடி அறையில் இருந்தவன்.

ஆனால் இங்கே கட்டியது எதை என்று பாருங்கள். நம்மைப் போல வாடகைக்கு அல்லாடுகிறவர்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாத விலையில் பெரிய பெரிய வீடுகள். அதே ஐந்நூறு குடும்பத்துக்கு யங் ஸ்ட்ரீட்டில் பேருந்து ஓடும் வழியில் இரண்டு மூன்று அடுக்குமாடிக் கட்டடங்கள் போதும். வீட்டை வேறு இடத்தில் கட்டலாம், எண்பது வருஷ மரத்தை வேறு இடத்தில் வைக்க முடியாது. அப்புறம் அந்த நூறு ஏக்கர் சும்மாவும் இல்லை, பால்கனி மட்டுமே இருக்கிற வீட்டுப் பிள்ளைகள் ஓடி விளையாடும் இடம் அது. கேட்ட நண்பரின் பிள்ளைகளும் சேர்த்தி.

நம்ம தமிழ்நாட்டுல இந்த மாதிரி ஏதாவது நடந்திருக்கா?

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-ல் ஒரு வானாய்வகம் இருந்தது. நவீன முறையில் இயங்கிய அந்த இடத்தில் இப்போது வானிலை மைய வளாகத்தில் கருங்கல் தூண் ஒன்று நிற்கிறது, அதில் தமிழிலும் எழுத்துப் பொறித்திருக்கிறார்கள். வேலை 1899-ல் கொடைக்கானலுக்குப் போனது. இன்று நட்சத்திரங்களுக்கு ஜவ்வாது மலையில் காவலூர், அங்கே 2.3 மீட்டர் தொலைநோக்கி சந்தனமரக் காட்டுக்குள் இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் இன்றைக்கு ஒரு தொலைநோக்கி வைத்தால் என்ன தெரியும் என்று யோசித்தால், ரிச்மண்ட் ஹில்லில் நூறு ஏக்கர் மிஞ்சியது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

நாங்க அங்கதான் பக்கத்துல வீடு வாங்கியிருக்கோம். எங்க லைட்டால கெடுதலா?

வாங்கினதற்குக் குற்ற உணர்வு வேண்டாம், விளக்கை மட்டும் கவனியுங்கள். வெளிச்சம் கீழே மட்டும் விழும்படி மூடி போட்ட விளக்காக இருக்கட்டும், ஆள் நடமாட்டம் இருந்தால் மட்டும் எரியட்டும். பல்பு வாங்கும்போது பெட்டியில் 2700 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் எண், குறைந்தால் மஞ்சள்) அல்லது அதற்குக் கீழே என்று இருக்கிறதா பாருங்கள். வெள்ளை எல்இடியில் நீலம் அதிகம், பகலில் வானம் நீலமாக இருப்பதற்கு என்ன காரணமோ அதே காரணத்தால் நீல ஒளி இரவிலும் காற்றில் அதிகமாகச் சிதறும்.

ரிச்மண்ட் ஹில்லில் வானாய்வகத்துக்காகவே 1995-ல் வெளிச்சக் கட்டுப்பாட்டு விதி கொண்டுவந்தார்கள், கனடாவில் அது முன்னோடி. நீங்கள் புதிதாக ஒன்றும் தியாகம் செய்யவில்லை, ஊர் ஏற்கெனவே ஒப்புக்கொண்டதைத்தான் செய்கிறீர்கள்.

ஊரே ஜெகஜோதியா எரியுது. நான் ஒருத்தன் பல்பை மாத்தி என்ன ஆகப் போகுது?

பால்வீதி வரப்போவதில்லை, சரிதான். ஆனால் வெளிச்சம் மற்ற மாசுகள் மாதிரி இல்லை. ஆற்றில் கழிவு கலந்தால் நிறுத்தின பிறகும் வருஷக்கணக்கில் கிடக்கும். விளக்கை அணைத்தால் அந்த நொடியே மாசு போய்விடும். 2003 ஆகஸ்ட் 14-ல் வடகிழக்கு அமெரிக்காவும் ஒன்டாரியோவும் மின்சாரம் இல்லாமல் இருண்டபோது டொரண்டோவுக்குள் நின்றுகொண்டே பால்வீதியைப் பார்த்தார்கள். அந்த வானம் எங்கேயும் போய்விடவில்லை. உங்கள் வாசல் விளக்கால் கெடுவது உங்கள் தெருவின் இருட்டு, அதைச் சரி செய்ய ஊர் முழுக்க அணைக்க வேண்டியதில்லை.

2019-ல தேசிய வரலாற்றுச் சின்னம்னு அறிவிச்சாச்சே, இனி பயமில்லதானே?

அந்த அறிவிப்பு ஒரு கௌரவம். கனடாவில் தேசிய வரலாற்றுத் தலம் என்ற பட்டம் மட்டும் எதையும் சட்டப்படி தடுக்காது. பல் இருப்பது மேலே சொன்ன மாகாணப் பாரம்பரியச் சட்டத்துக்குத்தான், அதன்படி பாதுகாக்கப்பட்ட அம்சங்களை மாற்ற நகர மன்றத்தின் சம்மதம் வேண்டும். அதாவது கடைசியில் முடிவெடுப்பவர்கள் நாம் நான்கு வருஷத்துக்கு ஒரு முறை ஓட்டுப் போட்டு அனுப்பும் கவுன்சிலர்கள்.

நிலம் இப்போது ஊருடையது, நாளைக்கே யாரும் வீடு கட்டிவிட மாட்டார்கள். எனக்கு இருக்கும் பயம் வேறு மாதிரி. பூங்கா என்றால் மக்கள் நல்லதைத்தான் கேட்பார்கள்: நடைபாதைக்கு விளக்கு, கூடுதல் வண்டி நிறுத்தம், ராத்திரி விளையாட ஒளி வெள்ளத்தோடு ஒரு மைதானம். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான கோரிக்கை, யாருக்கும் எதிர்த்துப் பேச மனசு வராது. நகர மன்றத்தில் பூங்கா பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டம் என்று தாள் வந்தால் தூக்கிப் போடாமல் அதில் விளக்கு என்ற வார்த்தை எங்கே வருகிறது என்று மட்டும் தேடிப் பாருங்கள், எத்தனை மணிக்கு அணைப்பார்கள் என்று எழுந்து கேளுங்கள்.